பட்டைக்குள் ஓடும் ஒளி

வேரிலிருந்து நீர் மேலே ஏறுவது தெரியும். இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்குவதைக் கண்ணால் காண வழியுண்டா என்று வாசக அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தாவர சாஸ்திரிகளை நெடுங்காலம் திணறடித்த கேள்வி இது. நீரேற்றும் சைலக் குழாய்கள் உயிரற்றவை. அறுத்த தண்டைச் சிவப்பு மையில் நிறுத்தினாலும் அவை தம் வேலையைச் செய்யும். பட்டையின் உட்புறத்தே சர்க்கரைச் சாற்றைச் சுமக்கும் சல்லடைக் குழாய்களோ உயிருள்ளவை. கத்தி பட்ட மாத்திரத்தில் புரதத்தாலும் காலோஸ் என்னும் பொருளாலும் தம் துவாரங்களை அடைத்துக்கொள்ளும் சுபாவம் படைத்தவை. ஆகவே, அறுத்துப் பார்க்க முனைபவருக்கு ஓட்டம் நின்றுபோன குழாயே மிஞ்சும்.

அறுக்காமலே அந்த ஓட்டத்தைக் காண வழி தந்தது ஒரு சாயக் குலம். 1871-இல் அடால்ஃப் வான் பேயர் என்னும் ஜெர்மானிய ரசாயன மேதை ஃபுளோரசீன் என்ற சாயத்தை உண்டாக்கினார். டான்யூப் நதியின் நீர் பூமிக்குள் மறைந்து ஆக் என்னும் ஊற்றில் வெளிப்படுவதை 1877-இல் நிரூபித்தது அச்சாயமே. அதன் குலத்தில் பிறந்த கார்பாக்ஸிஃபுளோரசீன் டைஅசிடேட்டின் விசித்திரத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வெளியே நிறமும் ஒளியும் அற்றிருக்கும் இப்பொருள் உயிரணுவின் சவ்வை எளிதில் கடந்து உள்ளே புகுகிறது; புகுந்ததும், அங்கே இயங்கும் எஸ்டரேஸ் என்னும் நொதிகள் அதன் அசிடேட் பகுதிகளை வெட்டி நீக்க, நீல ஒளி பட்டால் பச்சையாகச் சுடரும் சாயமாக மாறி, மின்னேற்றம் பெற்ற காரணத்தால் சவ்வைத் தாண்டித் திரும்ப இயலாமல், எங்கள் ஊர் வாய்க்கால் மடையில் வைக்கும் பறிக்குள் புகுந்த மீனைப் போல அகப்பட்டுக்கொள்கிறது. பின்பு அதற்கு எஞ்சியிருப்பது, உயிரணுவோடு உயிரணுவை இணைக்கும் நுண்ணிய கால்வாய்களின் வழியே சல்லடைக் குழாயை அடைந்து, சர்க்கரைச் சாற்றோடு பிரயாணம் செய்யும் மார்க்கம் ஒன்றே.

1994-இல் ஸ்காட்லாந்தின் ஓபார்க்காவும் அவருடைய சகாக்களும், அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்துச் சிறு நாற்றின் வித்திலையில் இச்சாயத்தை இட்டு, அது கீழிறங்கி வேர்நுனியின் உயிரணுக்களில் பரவுவதை, செடி உயிரோடு இருக்கும்போதே நுண்நோக்கியில் கண்டார்கள்.

மண்ணின் நீரும் உப்பும் எவ்வளவு கிடைத்தாலும், இலை அனுப்பும் சர்க்கரை வந்து சேராவிடில் வேர் பட்டினியால் மடியும். அந்த உணவு வரும் பாதையோ பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இருக்கிறது. இதை அறிந்த பின்னும் சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைகளை ஆணியால் அறைவதும், பந்தலுக்குக் கட்டிய கம்பியை அவிழ்க்காமல் விட்டு, அடிமரம் பருக்கப் பருக்க அது பட்டையை இறுக்கி நெரிக்கும்படி செய்வதும் பெரும் அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். உங்கள் தெருவில் அப்படிக் கம்பி இறுகிய மரம் ஒன்று இருந்தால், தயவுசெய்து இன்றே அந்தக் கம்பியை அவிழ்த்துவிடுங்கள்.