அளந்து கொடுத்த கண்

பாரைத் தலை போட்ட ஆணத்தில் கண்ணை விட்டுவைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. உறிஞ்சி முடிக்கையில் பல்லில் ஒரு வெள்ளை உருண்டை தட்டுப்படும். கடித்தால் இலேசில் உடையாது, பீங்கான் ஓரத்தில் துப்பிவிடுவோம். அந்த உருண்டைதான் மீனின் லென்ஸ். சமைக்குமுன் அதற்கு இந்த நிறம் கிடையாது. அட்டாளைச்சேனைக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்த கையோடு ஒரு புது மீனின் கண்ணைக் கீறிப் பாருங்கள். உள்ளிருந்து அப்பழுக்கில்லாத தெளிந்த மணி ஒன்று வெளியே வரும். அச்சடித்த தாளின் மேல் வைத்தால் கீழிருக்கும் எழுத்துப் பெருத்துத் தெரியும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் எதனால் வெளுக்கிறதோ அதனால்தான் இதுவும் ஆணத்தில் வெளுக்கிறது. இரண்டும் புரதம்.

தரையில் வாழும் நமக்கு ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கண்ணின் முன்புறமுள்ள விழிவெண்படலமே பார்த்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் அந்த உதவி இல்லை. படலத்தின் முறிவுச்சுட்டியும் தண்ணீரின் முறிவுச்சுட்டியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் ஒளி அங்கே வளையாமல் நேரே உள்ளே போய்விடும். கடலில் கண் திறந்து மூழ்கியவருக்கு எல்லாம் கலங்கித் தெரிவது இதனால்தான். மீனுக்கோ முழுப் பாரமும் உள்ளே இருக்கும் மணியின் மேல். அவ்வளவு வளைக்க வேண்டுமென்றால் அது முழு உருண்டையாக இருந்தாக வேண்டும். கண்ணாடியில் உருண்டை செய்தால் காரியம் கெட்டுவிடும்: ஓரத்தால் நுழைந்த ஒளி ஓரிடத்திலும் நடுவால் நுழைந்தது வேறிடத்திலும் குவிந்து படம் மங்கிப்போகும். மீனின் மணியில் அந்தக் குறை இல்லை. வெளித்தோலில் 1.38 அளவில் இருக்கும் முறிவுச்சுட்டி உள்ளே போகப் போகக் கூடிக்கொண்டே வந்து நடுவில் 1.52 வரை ஏறுகிறது. எங்கும் ஒட்டுப்போட்ட அடையாளம் கிடையாது. இந்த வகை லென்ஸ் ஒன்றை ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1854இல் கணக்கில் போட்டுக் காட்டினார். மீன்கண் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு லென்ஸின் குவியத்தூரத்தை அதன் வாய் அகலத்தால் வகுத்தால் வருவதுதான் கெமராக்காரர்கள் சொல்லும் எஃப் நம்பர். எண் சிறுக்கச் சிறுக்க உள்ளே வரும் வெளிச்சம் கூடும், விலையும் கூடும். மீனின் மணிக்குக் குவியத்தூரம் ஆரையின் இரண்டரை மடங்கு, அகலம் ஆரையின் இரண்டு மடங்கு. வகுத்தால் 1.25. கடை அலுமாரிக்குள் எஃப் 1.2 லென்ஸைக் கண்டு, விலையைக் கேட்டு, சலாம் சொல்லித் திரும்பி வந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். ஸுப்ஹானல்லாஹ், ஒரு கூறு கீரி மீனில் எத்தனை கிடக்கிறது!

எங்கள் ஊரில் கலியாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் அண்மையில் க்ரொப் சென்சர் மிரர்லெஸ் கெமரா ஒன்று வாங்கியிருக்கிறார். அதோடு வந்த 16-50 கிட் லென்ஸ் அவருக்குப் போதவில்லை. “காக்கா, இன்னும் ஒரு லென்ஸ் எடுக்கத்தான் கையில காசி இரிக்கி. எதை எடுக்கிற?” என்று கேட்டார்.

“நீங்க எதைப் பார்க்கப் போறீங்க தம்பி? அதை முதல்ல சொல்லுங்க.”

“எல்லாத்தையும்தான்.”

எல்லாவற்றையும் பார்ப்பவன் ஒருவனே. அல்பஸீர் என்பது அவனுடைய திருநாமம். படைப்புகளுக்குப் பார்வையை அவன் அளந்துதான் கொடுத்திருக்கிறான், அந்த அளவைக் கவனிக்கக் கவனிக்கத்தான் பிரமிப்பு கூடுகிறது.

தம்பிக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. சென்சர் சிறியதாம். ஃபுல் ஃப்ரேம் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர், இவருடையது 23.5க்கு 15.6, பரப்பில் பாதிக்கும் குறைவு. லென்ஸ் கொண்டுவரும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் அது வெட்டி எடுத்துக்கொள்கிறது. 50 மி.மீ. லென்ஸ் 75 போலத் தெரிவதாகச் சொல்வது இந்த வெட்டினால்தான். லென்ஸ் ஒரு நூலளவும் நீளுவதில்லை. வெட்டி எடுப்பதைக் குறையென்று நினைப்பவர் தன் கண்ணை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். கையை முழுதாக நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. நம் கண்ணுக்கு உண்மையில் கூர்மையாகத் தெரிவது அவ்வளவுதான். விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது. கூம்புக் கலங்கள் அங்கேதான் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைவிட்டு விலக விலக எல்லாம் கலங்கல். நீங்கள் இப்போது வாசிக்கும் சொல்லுக்கு நாலைந்து சொல் தள்ளியிருப்பதை, கண்ணை அசைக்காமல் வாசித்துப் பாருங்கள், முடியாது. கண் ஒரு நொடிக்கு மூன்று தடவையளவில் தாவித் தாவி அந்தக் குழியை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருப்பதால் முழு உலகமும் தெளிவாக இருப்பதாக நமக்குப் படுகிறது. அந்த வகையில் நாம் எல்லோருமே க்ரொப் சென்சரோடு பிறந்தவர்கள்தான்.

லென்ஸ் தெரிவு செய்வதென்றால் அந்தக் குழியை எங்கே வைப்பதென்று முடிவெடுப்பது. கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. க்ரொப் சென்சரில் 16 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் 73 பாகை வரை அள்ளுகிறது, 30 மி.மீ. லென்ஸ் 43. அதே கெமராவில் 600 மி.மீ. லென்ஸைப் பூட்டினால் 2.2 பாகை, பெருவிரல் நகத்தின் அளவேதான்! நம் கண் ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போது கூர்மையாகப் பிடிக்கும் வட்டத்தை எட்டுவதற்குக் கெமராவுக்குக் கை நீளத்தில் ஒரு குழாய் தேவைப்படுகிறது.

எங்கள் வட்டைகளில் தண்ணீர் கட்டியிருக்கும் நாட்களில் வரம்பில் ஒதுங்கி நின்றால் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி என்று பார்க்கக் குறைவில்லை. பறவைகளைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர் 50 மி.மீ. லென்ஸோடு அங்கே போனால் மனம் நொந்துதான் திரும்புவார். சிறு நீல மீன்கொத்திக்கு ஒரு சாணுக்கும் குறைந்த உடம்பு, 16 சென்ரிமீற்றர். பத்து மீற்றர் தள்ளி அது இருந்தால் 50 மி.மீ. லென்ஸ் அதை சென்சரில் 0.8 மில்லிமீற்றர் புள்ளியாக வைக்கும். 350 மி.மீ. என்றால் ஐந்தரை மில்லிமீற்றர், படத்தின் அகலத்தில் கால்வாசி. சோனி 2019இல் கொண்டுவந்த 70-350 இந்த வேலைக்கென்றே க்ரொப் சென்சருக்காகச் செய்தது. 625 கிராம் எடையில் 19 கண்ணாடிகளை 13 கூட்டங்களாக அடுக்கியிருக்கிறார்கள். நிக்கொன்காரருக்கு 50-250, கெனன்காரருக்கு 100-400, ஃபூஜிக்காரருக்கு 70-300 இருக்கின்றன. இவற்றுக்குள் எது மேல் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை, உங்கள் கெமராவில் பூட்டக்கூடியது எதுவோ அதுதான் உங்களுக்கு.

இந்த 19 கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு நாம் குறிபார்க்கும் மீன்கொத்தியின் கண்ணை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஒரு குழி, அதற்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு குழிகள். ஒன்று பக்கவாட்டில் பார்க்க, மற்றது முன்னால் இருக்கும் இரையின் தூரத்தை இரு கண்ணாலும் சேர்த்து அளக்க. கூம்புக் கலங்களுக்குள் நிறம் ஏற்றிய எண்ணெய்த் துளிகள் வேறு, பில்டர் உள்ளேயே பூட்டி வந்திருக்கிறது. நீர்க்காகத்தின் கதை இன்னும் விசித்திரம். தண்ணீருக்குள் மூழ்கியதும் விழிவெண்படலம் வேலையற்றுப் போகுமே, அதற்கு என்ன வழி? கண்மணியைச் சுற்றியுள்ள தசை மெத்தென்ற லென்ஸை நெரித்துப் பிடிக்க, லென்ஸின் முன்பாகம் கண்மணித் துவாரத்தால் பிதுங்கிக் கூனிக்கொள்கிறது. அதனால் ஒளியை வளைக்கும் வலு 50 தயொத்தர் அளவு கூடுகிறது. ஒரு சிறுபிள்ளைக்கே 14 அளவுதான். ஐம்பது வயது தாண்டினால் அதிலும் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை, வெள்ளெழுத்துக் கண்ணாடி தேடி உம்மாமார் வீடெல்லாம் துழாவுகிறார்கள். சூரா முல்க் பார்வையைத் திரும்பத் திரும்பச் செலுத்தச் சொல்கிறது. அதே சூராவின் 19ஆம் வசனம் சிறகை விரித்தும் மடக்கியும் போகும் பறவைகளின் பக்கம் நம்மைத் திருப்புகிறது. வரம்பில் நிற்கையில் அந்த இரண்டையும் சேர்த்து ஓதத் தோன்றும்.

பிறை பார்க்கவும் இதே நீண்ட லென்ஸ்தான். கடல் கிழக்கே இருப்பதால் எங்கள் ஊரில் பிறை தேடுகிறவர் கடலுக்கு முதுகைக் காட்டி வட்டைப் பக்கம் நிற்க வேண்டும். 350 மி.மீ. லென்ஸ் முழுநிலவை சென்சரில் மூன்று மில்லிமீற்றர் சொச்சத்தில் வைக்கிறது. நம் விழித்திரையில் அதே நிலவுக்குக் கிடைக்கும் இடம் 0.15 மில்லிமீற்றர். அவ்வளவு சிறிய இடத்தில் விழுந்த நிலவில்தான் அதன் கறைகளையும் காண்கிறோம்.

ஆனால் தம்பிக்குச் சோறு போடுவது பறவையோ பிறையோ அல்ல, கலியாண வீடு. மஃரிபுக்குப் பிறகு மணமகளின் அறையில் மஞ்சள் பல்ப் ஒன்று. சுற்றிவர மச்சிமாரும் மாமிமாரும். அங்கே எஃப் 5.6இல் நிற்கும் கிட் லென்ஸ் திணறும். 30 மி.மீ. எஃப் 1.4 அந்த அறைக்குப் பொருத்தம். சிக்மா 2016இல் வெளியிட்டது கைக்கெட்டும் விலையில் பழையதாகவும் கிடைக்கிறது. 5.6இலிருந்து 1.4க்கு வந்தால் வெளிச்சம் 16 மடங்கு. நம் கண்மணி நடுப்பகல் வெயிலில் 2 மில்லிமீற்றராகச் சுருங்கி இருட்டில் 8 வரை விரிகிறதே, அந்தப் பரப்பைக் கணக்கிட்டாலும் அதே 16 மடங்குதான் வருகிறது. இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சநேரம் பேச்சு வரவில்லை. கண் அதோடு நின்றுவிடுவதும் இல்லை. விளக்கணைந்து அரைமணி நேரத்துக்குள் விழித்திரையின் கோல்கள் தங்கள் நிறமியை மீட்டெடுத்துக்கொண்டு இன்னும் பல மடங்கு மங்கிய வெளிச்சத்துக்கும் தயாராகிவிடுகின்றன. எஃப் 1.4இல் ஒரு சங்கடமும் உண்டு. தெளிவாக விழும் ஆழம் மிகவும் குறைவு, கண் தெளிந்தால் காது கலங்கும். புதிய மிரர்லெஸ் கெமராக்கள் முகத்தில் கண்ணையே தேடிப் பிடித்துக் குவிப்பதால் பயம் குறைந்திருக்கிறது.

ஒரு கெமராக்காரர் செய்யும் பெரிய வீண்செலவு உடலை மாற்றிக்கொண்டே இருப்பது என்பது என் எண்ணம். பழைய உடலில் நல்ல லென்ஸ் போட்டால் படம் வரும், புது உடலில் மட்டமான லென்ஸ் போட்டால் கலங்கல்தான் கூடுதல் விவரத்தோடு வரும். இந்த இடத்தில் பஸராவில் 965இல் பிறந்த இப்னுல் ஹைதம் நினைவுக்கு வருகிறார். கெமராவைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அவருக்கு அந்த இரவல் புகழ் தேவையில்லை. 1011க்கும் 1021க்கும் இடையில் ஏழு பாகங்களாக எழுதிய கிதாபுல் மனாழிரில், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்பதைச் சோதனைகளோடு நிறுவினார். பார்வை உணரப்படும் இடம் கண்ணின் லென்ஸ் என்று அவர் கருதினார். அது விழித்திரை என்பதையும், அங்கே படம் தலைகீழாக விழுகிறது என்பதையும் 1604இல் கெப்லர் எழுதிய பிறகே உலகம் தெரிந்துகொண்டது. லென்ஸுக்கு இப்னுல் ஹைதம் கொடுத்த அந்தக் கூடுதல் மரியாதையில் கொஞ்சத்தைக் கடன் வாங்கினாலும் நம் பெடியன்மாரின் காசு மிச்சமாகும்.

வாப்பாமாரின் பிலிம் கெமரா லென்ஸ் வீட்டில் கிடந்தால் அதையும் தூக்கி எறிய வேண்டாம். மிரர்லெஸ் கெமராவில் லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையே தூரம் குறைவு. சோனியில் 18 மி.மீ.தான், பழைய நிக்கொனில் 46.5. நடுவிலுள்ள 28.5 மில்லிமீற்றரை ஒரு அடப்டர் வளையம் நிரப்பிவிடும். கையால்தான் குவிக்க வேண்டியிருக்கும். கெமராவை மனிதக் கண்ணுக்கு ஒப்பிடுவது வழக்கமென்றாலும், குவிக்கும் முறையில் அது மீனின் வழியில் போகிறது. நாம் லென்ஸின் வடிவத்தை மாற்றுகிறோம். மீன் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, கெமராவும் அப்படித்தான்.

மனிதக் கண்ணுக்கும் லென்ஸ் மாற்றுகிறார்கள். லண்டன் செயின்ட் தோமஸ் மருத்துவமனையில் ஹரோல்ட் ரிட்லி 1949 நவம்பரில் முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். யுத்தத்தில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லு கண்ணில் ஏறிய விமானிகளுக்கு அது புண்படுத்தாமல் கிடந்ததைக் கண்டுதான் அவருக்கு அந்தத் துணிவு வந்தது. இன்று கண்புரைக்குப் போகும் மூத்தம்மாமாருக்கு வைக்கப்படும் சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குக் குவிந்தது. டொக்டர் கண்ணின் நீளத்தை அளந்துவிட்டு, தூரத்துக்கு வைப்பதா கிட்டத்துக்கு வைப்பதா என்று பேசி முடிவெடுப்பார். நான் தம்பியிடம் கேட்ட கேள்விதான் அது.

தம்பி கடைசியில் 30ஐ எடுத்தார். பறவை ஆசையை அடுத்த அறுவடைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். கடலோரத்தில் இருக்கிறவருக்கு நான் சொன்ன ஒரேயொரு மேலதிக விஷயம் உப்பும் ஈரமும் பற்றியது. கண்ணை நிமிடத்துக்குப் பதினைந்து தடவையளவில் இமை துடைக்கிறது, அந்தக் கண்ணீரில் கிருமியைக் கொல்லும் லைசோசைம் இருப்பதை 1922இல் அலெக்சாந்தர் ஃபிளெமிங் அறிவித்தார். லென்ஸுக்கு இமையும் இல்லை, கண்ணீரும் இல்லை. மாரி மழை மாதங்களில் பையோடு அலுமாரிக்குள் போட்டுவைத்தால் உள்கண்ணாடியில் பங்கஸ் வேர்விட்டுவிடும், பிறகு சுத்தம் செய்யக் கேட்கும் காசுக்கு இன்னொரு பழைய லென்ஸ் வாங்கலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நாலைந்து பொட்டலம் சிலிக்கா ஜெல், முன்கண்ணாடிக்கு ஒரு பில்டர். இவற்றின் விலையையும் லென்ஸின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.