மூட்டை கட்டிய ஆய்வுக்கூடம்

1934 கோடையில் வழக்கம்போல் சோவியத் ரஷ்யாவுக்குப் போன இயற்பியலாளர் பியோத்தர் கபிட்சா, கேம்பிரிட்ஜுக்குத் திரும்பவில்லை. ஸ்டாலின் அரசு விடவில்லை. இனி தாய்நாட்டில்தான் ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். 13 ஆண்டு உழைப்பும், முந்தைய ஆண்டுதான் அவருக்காகத் திறக்கப்பட்ட மோண்ட் ஆய்வுக்கூடமும் இங்கிலாந்தில் நின்றுபோயின.

மாஸ்கோவில் புது நிறுவனம் தயார். உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை. கபிட்சாவின் கருவிகள் கடையில் கிடைக்கிற சரக்கல்ல. ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும் அசுரக் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஜெனரேட்டர் அவருடையது. அதைச் சட்டென நிறுத்தும்போது தரையே அதிரும். அந்த அதிர்வு வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்துவிட வேண்டும் என்பதற்காகவே காந்தச் சுருளைக் கூடத்தின் மறுகோடியில் வைத்திருந்தார்.

கபிட்சாவை மீட்க, கேம்பிரிட்ஜில் அவருடைய தலைவராக இருந்த ரதர்ஃபோர்டு ஓராண்டு போராடிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஆள் வராவிட்டால் கருவியாவது அவரிடம் போகட்டும் என்று மனம் மாறினார். விலை 30,000 பவுண்டு. பெருந்தன்மைதான், கூடவே கணக்கும் இருந்தது. அந்த ஜெனரேட்டரைக் கபிட்சா இல்லாமல் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் என்ன செய்திருக்கும்? வந்த பணமோ அங்கே புதிய ஆராய்ச்சிக்கு உதவியது.

பெட்டி கட்டி அனுப்பும் பொறுப்பு கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜான் காக்ராஃப்டின் தலையில் விழுந்தது. கருவிகளை ஏற்றிவிட்டால் போதுமா? அவற்றின் குணம் தெரிந்த கைகள் வேண்டாமா? பியர்சன், லவர்மன் என்ற இரண்டு உதவியாளர்களும் மாஸ்கோ போய் வேலை செய்தார்கள். இந்த இடமாற்றத்தில் விலைமதிப்பில்லாத சரக்கு இவர்கள்தான் என்று தோன்றுகிறது.

இதற்கிடையே, கபிட்சாவிடம் வேலை செய்யும் ஆசையில் கேம்பிரிட்ஜ் வந்த ஜான் ஆலனுக்கு அவர் விட்டுப்போன கூடம்தான் கிடைத்தது. ஆனால் கூடம் படுத்துவிடவில்லை. திரவ ஹீலியத்தைச் சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால் அது தடையே இல்லாமல் ஓடுகிறது என்று மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலனும் அவருடன் பணியாற்றிய மைஸ்னரும் தனித்தனியே கண்டார்கள். 1938 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகளும் அடுத்தடுத்து வந்தன.

இந்த மூவரில் நோபல் பரிசு கபிட்சாவுக்கு மட்டும், அதுவும் 1978-இல் வந்தது. அந்தக் கடுங்குளிர் ஆய்வுத் துறையை விட்டு முப்பது ஆண்டு ஆகிவிட்டது என்று சொல்லி, ஸ்டாக்ஹோம் மேடையில் அவர் ஹீலியத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்மா பற்றிப் பேசினார்.