புதிய கூபேயா, பழைய சொகுசு ரோட்ஸ்டரா? வாங்கும் விலையைத் தாண்டிக் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: ஒரு பக்கம், ஷோரூமில் நிற்கும் புதிய கூபே வடிவக் கார். மறுபக்கம், பத்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் செல்வந்தர்கள் மட்டுமே வாங்க முடிந்த, கூரையைத் திறந்து மூடக்கூடிய இரு இருக்கை ரோட்ஸ்டர். இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பயன்படுத்திய கார்களுக்கான சந்தை விரிவடைந்துள்ள நிலையில், இந்தக் கேள்வி பலருக்கும் எழுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு சொகுசு காரின் விலை குறைகிறது. அதைப் பராமரிக்கும் செலவு அவ்வாறு குறைவதில்லை. முடிவெடுக்கும்போது இந்த வேறுபாட்டையே முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

கூபே, ரோட்ஸ்டர்: என்ன வேறுபாடு?

பின்புறம் சரிந்து இறங்கும் கூரையும் இரண்டு கதவுகளும் கொண்ட கார், மரபாகக் கூபே எனப்படுகிறது. ரோட்ஸ்டர் என்பது இரண்டு இருக்கைகளும் திறந்து மூடும் கூரையும் கொண்டது. இந்தியாவில் குறைந்த விலையில் இரு கதவு கூபே இன்று அரிது. அதற்கு மாற்றாக, சரிந்த கூரையுடன் நான்கு கதவுகள் கொண்ட 'கூபே எஸ்யூவி' கார்கள் வந்துள்ளன. 2024-ஆம் ஆண்டில் அறிமுகமான சிட்ரோயன் பசால்ட் 7.99 லட்சம் ரூபாயிலும், டாடா கர்வ் 9.99 லட்சம் ரூபாயிலும் தொடக்க விலை கொண்டிருந்தன. தோற்றத்தைவிட வேகமே முக்கியம் என்பவர்களுக்கு, 150 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுடன் கூடிய ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி போன்ற செடான்களும் உள்ளன.

பயன்படுத்திய ரோட்ஸ்டர்களில், 2009 முதல் 2016 வரை தயாரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4 ஓர் எடுத்துக்காட்டு. மின்-ஹைட்ராலிக் விசையால் மடங்கும் உலோகக் கூரை இதன் சிறப்பு. பழைய காரில் கவனமாகச் சோதிக்க வேண்டிய பகுதியும் அதுவே.

வரி எவ்வாறு மாறுகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதமும், பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. இழப்பீட்டு செஸ் கார்களுக்கு நீக்கப்பட்டது. பெட்ரோல் காரின் நீளம் 4 மீட்டருக்கும், எஞ்சின் திறன் 1,200 சிசிக்கும் மிகாமல் இருந்தால் மட்டுமே 18 சதவீதம் பொருந்தும். கர்வ், பசால்ட் இரண்டும் 4 மீட்டரைத் தாண்டுவதால், அவற்றின் பெட்ரோல், டீசல் வகைகள் 40 சதவீதப் பிரிவில் வருகின்றன. மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம் மட்டுமே.

பயன்படுத்திய காரை ஒரு தனிநபர் மற்றொரு தனிநபருக்கு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற விற்பனையாளர் விற்றால், முழு விலைக்கு அன்றி அவரது லாபத் தொகைக்கு மட்டும் 18 சதவீதம் விதிக்கப்படும். ஜெய்சால்மரில் 2024 டிசம்பரில் நடைபெற்ற ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம், பழைய வாகனங்கள் அனைத்துக்கும் இந்த விகிதத்தைப் பொதுவாக்கப் பரிந்துரைத்தது. எடுத்துக்காட்டாக, 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய காரை 22 லட்சத்துக்கு விற்றால், 2 லட்சம் ரூபாய் லாபத்தின் மீது 36,000 ரூபாய் வரி வரும்.

காப்பீட்டில் மறைந்திருக்கும் செலவு

காப்பீட்டில் 'ஐடிவி' எனப்படும் வாகன மதிப்பு ஆண்டுதோறும் குறைகிறது. நான்கு முதல் ஐந்து ஆண்டுகள் பழைய காருக்கு 50 சதவீதத் தேய்மானம் கணக்கிடப்படும். அதற்கு மேற்பட்ட கார்களுக்கு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை நிர்ணயிப்பது வழக்கம்.

விபத்து நேரும்போது இதன் சுமை தெரியவரும். வழக்கமான முழுமைக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த காரில் உலோக பாகங்களுக்கும் 50 சதவீதம் கழிக்கப்படும். இந்தக் கழிவைத் தவிர்க்க உதவும் 'ஜீரோ டிப்ரிசியேஷன்' காப்பீடு, பொதுவாகப் புதிய கார்களுக்கே எளிதில் கிடைக்கிறது. பழைய ரோட்ஸ்டரின் முன்பக்க பம்பர் உடைந்தால், இறக்குமதி செய்யப்படும் பாகத்தின் இன்றைய விலையில் பாதி உரிமையாளரின் கையிலிருந்தே போகும். காரைப் பாதி விலைக்கு வாங்கியவருக்கும் பம்பர் பாதி விலைக்குக் கிடைக்காது.

முந்தைய உரிமையாளர் பெற்ற 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையும் புதிய உரிமையாளருக்கு மாறாது. அது வாகனத்துக்கு உரியதன்று, நபருக்கு உரியது.

டெல்லியில் விலை குறைவது ஏன்?

தேசிய தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுகள் கடந்த டீசல் வாகனங்களும், 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடுவதற்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தகைய வாகன உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என 2025 ஆகஸ்டில் கூறிய உச்ச நீதிமன்றம், அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய தரநிலை வாகனங்களுக்கு மட்டுமே என்று டிசம்பரில் வரையறுத்தது. ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள கார்கள் அங்கு மலிவாக விற்கப்பட இந்த நிச்சயமற்ற நிலையும் ஒரு காரணம்.

அத்தகைய காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டு சென்றால், பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்று தேவை. 12 மாதங்களுக்கு மேல் அங்கு வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி புதிய பதிவெண் பெற வேண்டும். அந்த மாநிலத்தின் சாலை வரியும் தனியே வரும். 15 ஆண்டு பதிவுக்காலம் முடிந்தபின் தகுதிச் சோதனையும் பதிவுப் புதுப்பித்தலும் கட்டாயம்.

எரிபொருளும் சாலையும்

தற்போது நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. அது சிறிய செலவே என்றும் அமைச்சகம் கூறியது. ஆனால் இறக்குமதிக் காருக்கு அந்தப் பாகங்களின் விலையை முன்பே விசாரிப்பது நல்லது.

தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி மற்றொரு சிக்கல். விர்டஸில் இது 179 மில்லிமீட்டர். ரோட்ஸ்டர்களில் இது மிகவும் குறைவு என்பதால், உயரமான வேகத்தடைகளிலும் மழைநீர் தேங்கிய சாலைகளிலும் சேதம் நேரும் வாய்ப்பு அதிகம்.

யாருக்கு எது?

வீட்டில் ஒரே கார், அன்றாட அலுவலகப் பயணம், குழந்தைகள், மாதத் தவணை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, உற்பத்தியாளர் உத்தரவாதத்துடன் வரும் புதிய காரே பாதுகாப்பானது. அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறு கார் இருந்து, பழுதுக்கெனத் தனித் தொகையும் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ரோட்ஸ்டர் பொருந்தும்.

ரோட்ஸ்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று மதிப்பீடுகளை எழுத்து வடிவில் பெற வேண்டும்: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பழுது மதிப்பீடு, காப்பீட்டுப் பிரீமியம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கூறும் வரித் தொகை. கடன் நிலுவை, அபராத நிலுவை, பராமரிப்புப் பதிவுகள் ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும். அந்த மூன்று தொகைகளையும் காரின் விலையுடன் கூட்டிய பிறகும் கணக்கு கைக்கு அடக்கமாக இருந்தால், தயங்காமல் ரோட்ஸ்டரை வாங்கலாம்.