168 நல்லதா, கெட்டதா? சர்க்கரை ரிப்போர்ட்டும் நம்ம வீட்டுச் சோறும்



பனித்திட்டில் குழுக் கூட்டம் முடிந்து, சேமிப்பை எண்ணி, கடன் தவணையை எழுதி, நோட்டை மூடும் நேரம். ஒரு அக்கா மடித்துக் கசங்கிப் போன ஒரு சீட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "சர்க்கரை 168-ன்னு போட்டிருக்கு. இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். "168 எல்லாம் ஒண்ணுமில்ல, எங்க நாத்தனாருக்கு 300" என்றார் ஒருவர். "ஐயையோ, அவ்வளவா? சோத்தையே விட்டுடு" என்றார் இன்னொருவர். சாப்பிடுவதற்கு முன் எடுத்ததா, சாப்பிட்ட பிறகு எடுத்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் 168-க்கு அர்த்தமே கிடையாது. அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம்.

இது யாரோ நாலு பேர் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் வயது வந்தவர்களில் 100-க்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் புதுச்சேரியில் 26.3 பேர். கோவா 26.4, அதற்கு அடுத்த இடம் நமக்குத்தான். 16 பேர் உள்ள குழு என்றால் கணக்குக்கு நாலு பேர். உங்கள் குழுவில் அந்த நாலு பேர் யார் என்று தெரியுமா? பாதிப் பேருக்குத் தங்களுக்கே தெரியாமல் கூட இருக்கலாம்.

சீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

வெறும் வயிற்றில் எடுப்பது ஒன்று. இரவு சாப்பிட்டபின் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் எடுக்க வேண்டும். அரை டம்ளர் டீ குடித்தாலும் அது வெறும் வயிறு இல்லை. நோய் இல்லாதவருக்கு இது 100-க்குள் இருக்கும். 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஆனால் உடம்பில் அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட மாட்டார்கள். திரும்ப எடுத்து உறுதி செய்வார்கள்.

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுப்பது இன்னொன்று. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம். கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் இலக்கு, வெறும் வயிற்றில் 80-லிருந்து 130-க்குள், சாப்பிட்ட பிறகு 180-க்குள். வயதானவர்களுக்கும், கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் இதைக் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார்.

இப்போது அந்த அக்காவின் 168-க்கு வருவோம். அவர் மாத்திரை சாப்பிடுகிறவர். சாப்பிட்ட பிறகு எடுத்தது என்றால் 168 பரவாயில்லை. வெறும் வயிற்றில் என்றால் கூடுதல். டாக்டரைப் பார்க்க வேண்டும். சீட்டைத் திருப்பிப் பார்த்தோம். வெறும் வயிறு.

மூன்றாவது பரிசோதனை எச்.பி.ஏ.1.சி. நம் கணக்கு பாஷையில் சொன்னால், விரல் நுனியில் எடுப்பது அன்றைய கைரொக்கம். இது மூன்று மாதத்துப் பேரேடு. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை இது காட்டுகிறது. அந்த அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதனால் பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டினால் இதை ஏமாற்ற முடியாது. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குள் இருக்கச் சொல்வார்கள். 7 என்றால் மூன்று மாதச் சராசரி 154 என்று அர்த்தம். 9 என்றால் 212. பெண்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தசோகை இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனை நாளில் நாம் செய்கிற தந்திரங்களையும் சொல்லியாக வேண்டும். தினமும் ஆறு இட்லி சாப்பிடுகிறவர் அன்றைக்கு மட்டும் இரண்டோடு நிறுத்துகிறார். ரிப்போர்ட் நல்லா வருது. டாக்டர் அதை நம்பி அதே மாத்திரையை எழுதுகிறார். ஏமாந்தது யார்? விரல் மெஷினில் பார்ப்பவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலோடு பார்த்தால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது, அக்கா தங்கச்சியாக இருந்தாலும்.

சோறு

"சர்க்கரைன்னா சோறு கூடாது, சப்பாத்தியும் கூழும்தான்" என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் சுமார் 65-லிருந்து 72. பெரிய வித்தியாசமா இது? கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கூட உண்டு, அது நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்துக் காய்ச்சிக் கரைத்த கூழை ஒரு சொம்பு குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். உருளைக்கிழங்கு குருமாவோடு நாலு சப்பாத்தியும் அப்படித்தான். பழையசோறு தண்ணியில ஊறினதால மாவுச்சத்து காணாமப் போயிடாது. எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

நம் ஊருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. மீனில் மாவுச்சத்து கிடையாது. நெத்திலி, மத்தி, சங்கரா எதுவானாலும் சர்க்கரையை ஏற்றாது. ஏற்றுவது, அந்தக் குழம்பு ருசியில் மூன்றாவது தடவை போட்டுக்கொள்ளும் சோறு. நாங்கள் சொல்வது இதுதான்: தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, மீதிக் கால் பங்குதான் சோறு. முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சர்க்கரை மெதுவாக ஏறும். மீனை வறுப்பதைவிடக் குழம்பு நல்லது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது மீன் விலை ஏறிவிடும், கையில் காசும் இருக்காது, பலர் வீட்டில் சோறும் கருவாடும்தான். கருவாட்டு உப்பு பிரஷரை ஏற்றும். அந்த நாட்களில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, முட்டை, முருங்கைக்கீரை கை கொடுக்கும்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். கொய்யாவைக் கடித்துத் தின்னலாம். எந்தப் பழத்தையும் ஜூஸ் போட வேண்டாம். பாகற்காய் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாகற்காய் குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

இறங்கினாலும் ஆபத்து

இதுதான் எங்களுக்கு ரொம்பக் கவலை. மீன் ஏலத்துக்கு விடியற்காலை கிளம்பும் பெண்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு டீயோடு போய்விடுகிறார்கள். சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால், சாப்பிடாத வயிற்றில் 70-க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் வரும். விரதம் இருக்கும் நாளுக்கும் இது பொருந்தும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடித்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டு ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை இறங்கும். குழறலைப் பார்த்து "போதையில படுத்திருக்காரு" என்று விட்டுவிடுவோம். எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

காலையில் சாப்பிட நேரமில்லை என்பதை டாக்டரம்மாவிடம் வெட்கப்படாமல் சொன்னால், மாத்திரையையோ அதன் நேரத்தையோ மாற்றித் தருவார். "மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிடுறேன்" என்று நல்ல பிள்ளையாகச் சொல்லி வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

30 வயது தாண்டிய உறுப்பினர்கள் அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கேட்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்பு நோட்டோடு பழைய ரிப்போர்ட்டுகளையும், வீட்டில் அரிசி அளக்கும் உழக்கையும் எடுத்து வாருங்கள். யார் வீட்டில் தலைக்கு எவ்வளவு அரிசி வேகிறது என்று உட்கார்ந்து அளந்து பார்ப்போம்.