தேக்கு சாய்ந்த கதை

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் ஊரில் கிடக்கும் நிலத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பதில்லை. "சும்மாதான் கிடக்கிறது, நாலு மரமாவது நட்டு வைக்கலாமா என்று பார்க்கிறேன்" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான். சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். பட்ட பாட்டை எழுதினால் நாலு பேருக்கு உதவுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் நிலம் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் இருக்கிறது. மூன்று ஏக்கர். கேரளம் என்றதும் பச்சைப்பசேல் என்று கற்பனை செய்துவிடாதீர்கள்! சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. கரும்பனையும் நிலக்கடலையும் வளரும் இடம். பேச்சும் தமிழ்தான். மாநில எல்லை அங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவேதான் ஓடுகிறது. அக்காள் பொள்ளாச்சிப் பக்கம், தங்கை சித்தூர்ப் பக்கம் என்று வாழ்க்கைப்பட்ட வீடுகள் ஏராளம்.

அப்பா காலமான பிறகு நிலத்தைச் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். 2013-இல் நான் பணம் அனுப்பி, "தேக்கு வைத்துவிடுங்கள் சித்தப்பா" என்றேன். 1990களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரங்கள் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்று சில ஆயிரம் கட்டினால் இருபதாண்டில் லட்சங்கள் என்றார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களைத்தான் குறிவைத்தார்கள். பல கம்பெனிகள் பணத்தோடு காணாமல் போய், கடைசியில் 1999-இல் செபி விதிமுறை கொண்டுவந்தது. நம்மிலும் ஏமாந்தவர்கள் உண்டு. நானோ சொந்த நிலத்தில் நடுகிறேன், என்னை யார் ஏமாற்ற முடியும் என்று இருந்தேன்.

சாலையோர நர்சரி ஒன்றில் நானூறு கன்றுகள் வாங்கினார் சித்தப்பா. நல்ல உயரம், மலிவான விலை. நன்றாகத்தான் வளர்ந்தன. ஒவ்வோர் ஆண்டும் படம் அனுப்புவார், நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டுவேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அப்படித்தான் வீசும். 2021 ஆடியில் ஒரே இரவில் அறுபது மரங்களுக்கு மேல் வேரோடு சாய்ந்தன. "என்ன கண்ணு பண்றது, காத்து அடிச்சுச்சு, சாஞ்சு போச்சு" என்றார் சித்தப்பா, தன் தவறு போல.

சென்ற டிசம்பரில் ஊருக்குப் போனபோது, வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, மாமா முறை உள்ள ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினேன். மண்வெட்டியால் ஒரு மரத்தின் அடியைத் தோண்டினார். ஆணிவேர் கீழே இறங்கவே இல்லை. கொண்டை போட்ட மாதிரி சுருண்டு, ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு கிடந்தது. "இது காத்துல சாயலீங்க மாப்ளே, நர்சரிப் பையிலயே சாஞ்சிருச்சு" என்றார்.

விஷயம் இதுதான். பாலிதீன் பையில் விதை முளைக்கிறது. ஆணிவேர் அடிக்குப் போய், போக இடமில்லாமல் சுற்ற ஆரம்பிக்கிறது. குறித்த காலத்தில் நட்டுவிட்டால் தப்பிக்கும். அந்தப் பருவத்தில் விற்காத கன்றை அடுத்த ஆண்டும் அதே பையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் மேலே உயரம் கூடும், கீழே வேர் முடிச்சாகும். நாமோ அந்த உயரத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்! இப்போது நல்ல நர்சரிகளில் ரூட் டிரெய்னர் என்ற குப்பிகள் வந்துவிட்டன. உட்புறம் வரிவரியாக மேடு, அடியில் ஓட்டை. வேர் சுற்றாமல் நேராக இறங்கி, ஓட்டையில் காற்றுப் பட்டதும் நுனி நின்றுவிடும். பக்க வேர்கள் பெருகும்.

தேக்குக்கு இன்னொரு வழியும் உண்டென்றார் மாமா. ஒரு வயது நாற்றைப் பிடுங்கி, பெருவிரல் கனத்தில் ஒரு சாண் வேரும் மேலே ஓர் அங்குலம் தண்டும் மட்டும் விட்டு நறுக்கிவிடுவார்கள். அதற்கு ஸ்டம்ப் என்று பெயர். சாக்கில் கட்டிப் பஸ்ஸில் கொண்டுபோகலாம். முதல் மழைக்கு நட்டால் துளிர்க்கும்.

தேக்குக்கு நாற்றங்கால்தான் எல்லாம் என்பது பழைய பாடம். 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முயன்றபோது, விதை முளைக்காமல் பல முறை தோற்றார். முளைக்க வைத்துக் காட்டியவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனன். தேக்கு விதையின் ஓடு அவ்வளவு கெட்டி. இன்றும் பல நாள் நனைத்தும் காயவைத்தும்தான் விதைக்கிறார்கள்.

மாமாவின் பேச்சில் ஆர்வம் வந்து, உடுமலை, சின்னாறு வழியாக மறையூருக்குப் போனேன். இடுக்கி மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியவுடன் வரும் ஊர். மழை மறைவுப் பகுதி என்பதால் இயற்கையான சந்தனக் காடு அங்கே நிற்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள், வேலி, காவல் எல்லாம் உண்டு. சந்தன நாற்று வளர்ப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அது பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் பிடித்து உறிஞ்சினால்தான் பிழைக்கும். அதனால் ஒவ்வொரு பையிலும் சந்தனத்தோடு துவரையோ பொன்னாங்கண்ணி வகைச் செடியோ சேர்த்து வைக்கிறார்கள். (வெளியூர் வந்த நாம் சங்கத்தைப் பிடித்துக்கொள்வது போல என்று என் மனைவி சொன்னாள்.) துணைச்செடி இல்லாத சந்தனக் கன்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சந்தன ஆசை உள்ளவர்கள் சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2002 முதல் பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம், ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். கேரளத்தில் 2005-இல் வந்த சட்டம் தனியார் நிலத்தில் மரம் வளர்க்க ஊக்கம் தந்தாலும், தாராளமாக வெட்டலாம் என்ற மரங்களில் சந்தனம் சேராது. தேக்கு, ஈட்டிக்குக்கூட அரசு கொடுத்த பட்டயம் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பும் வழியில் ஆனைகட்டிக்குப் போனோம். அதைத் தாண்டினால் அட்டப்பாடி. மொட்டையாகிப்போன அந்த மலைகளை மீட்க 1996 முதல் ஜப்பான் கடனுதவியில் 219 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று நடந்தது. இருளர் ஊர்களிலேயே குழு அமைத்து நாற்று வளர்ப்பு, நடவு, காவல் எல்லாம் செய்தார்கள். அதில் எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மண்ணின் மரத்து விதையை அந்த ஊர்க்காரரே பொறுக்கி முளைக்க வைப்பதில் உள்ள நியாயம் எனக்குப் பிடித்தது. லாரியில் எங்கிருந்தோ வரும் கன்றுக்குத் தாய்மரம் எது என்று யாருக்குத் தெரியும்? ஏணி வைக்காமல் கைக்கு எட்டுகிற குட்டையான, கோணலான மரத்தின் விதையைப் பொறுக்கினால் பிள்ளையும் அப்படித்தான் வளரும்.

நர்சரிக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. பெரும்பாலும் சிறு குடும்பங்கள், மகளிர் குழுக்கள். மழைக்கு முந்திய சில வாரங்களில்தான் வியாபாரம். மிஞ்சியதைத் தூக்கிப்போட்டால் அவர்களுக்கு நஷ்டம். முன்கூட்டியே சொல்லி, பாதிப் பணமும் கொடுத்து, இந்த மாதம் இத்தனை கன்று வேண்டும் என்றால் வேண்டியபடி வளர்த்துத் தருகிறார்கள். நாங்கள் இந்த முறை அப்படித்தான் செய்தோம். ஜனவரியிலேயே சொல்லிவைத்தோம். வாங்கும் நாளில் சித்தப்பா நாலைந்து பையைக் கிழித்து வேரைப் பார்த்தார். கிழித்ததற்கும் காசு கொடுத்துவிட்டார்.

சாய்ந்த இடத்தில் மேட்டுச் செம்மண்ணில் மட்டும் தேக்கு ஸ்டம்ப் எண்பது. மற்ற இடத்தில் குமிழும் வேம்பும். காற்று வரும் மேற்கு வரப்பில் பனை. பனைக்கு நர்சரி ஒத்துவராது. முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. அதனால் கொட்டையை நேராகப் புதைத்தோம்.

ஜூலையில் சித்தப்பா போன் செய்தார். "எம்பதுல ஒம்பது பட்டுப்போச்சு கண்ணு. அந்தப் பொண்ணுங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், பத்து ஸ்டம்ப் எடுத்து வெக்கறாங்களாம். மழை விடறதுக்குள்ள வெச்சறலாம்." பனைக் கொட்டை என்ன ஆச்சு சித்தப்பா என்று கேட்டேன். "அது உள்ள போய்க்கிட்டிருக்கு, உனக்கென்ன அவசரம்" என்றார்.