ஒளிரும் புரதமும் எதிர்ப்பொருளும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முன்னோர் வாக்கு. உயிரணு ஆராய்ச்சிக்கும் இது முற்றும் பொருந்தும். பச்சை ஒளிர்புரதம் இதற்கு நல்ல சான்று.

ஜப்பானிய அறிஞர் ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் மேற்குக்கரைக் கடலில் பிடித்த ஜெல்லி மீன்களிலிருந்து இப்புரதத்தைப் பிரித்தெடுத்தார். அச்செய்தி 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. 238 அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோத்து, பீப்பாய் வடிவில் மடிந்தது இப்புரதம். நீலக்கதிர் பட்டால் பச்சையாக ஒளிரும். 1992இல் டக்ளஸ் பிராஷர் இதன் மரபணுவைப் பிரித்தறிந்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அம்மரபணுவைப் பாக்டீரியாவிலும் சிறு புழுவிலும் செலுத்தி ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் வேறு நிறங்களையும் உண்டாக்கினார். ஷிமோமுரா, சால்ஃபி, சியன் ஆகிய மூவரும் 2008இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

ஆராய விரும்பும் புரதத்தின் மரபணுவோடு ஒளிர்புரதத்தின் மரபணுவைச் சேர்த்துவிட்டால், உயிரணு அவ்விரண்டையும் ஒரே சங்கிலியாக உண்டாக்கும். புரதம் செல்லுமிடமெல்லாம் விளக்கும் உடன்செல்லும்.

ஆயின், இதில் இரண்டு இடர்கள் உண்டு. உயிரணுக்களைப் பதப்படுத்தும் ஆல்ககாலினால் ஒளி மங்கலாம். கொதிக்கவைத்தால் மடிப்புக் குலைந்து அணைந்தே போகும். புரதம் இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். மற்றொன்று இதனினும் கொடிது. விளக்கு மட்டும் அறுந்து தனியே அலையுமாயின், ஒளி தெரியுமிடத்தில் ஆராயும் புரதம் இராது.

இங்கே துணைக்கு வருவது எதிர்ப்பொருள். முயலின் உடலில் ஒளிர்புரதத்தைச் செலுத்தினால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் அதன் இரத்தத்தில் உண்டாகின்றன. அவை ஒளியைத் தேடுவதில்லை. புரதத்தின் உருவிலுள்ள ஒரு சிறு பகுதியை அறிந்து பற்றுகின்றன. ஆகவே, விளக்கு அணைந்த பின்னும் புரதம் இருக்குமிடத்தைக் காட்டவல்லவை பல.

அறுந்ததா என்பதை அறிய, உயிரணுக்களின் புரதங்களைக் கரைத்து, மின்னோட்டத்தால் பருமன்வாரியாகப் பிரித்து, ஒரு தாளில் பதித்து, எதிர்ப்பொருளால் தேடுவர். ஒளிர்புரதத்தின் நிறை ஏறத்தாழ 27,000 டால்டன். அதனை 50,000 டால்டன் புரதத்தோடு இணைத்திருந்தால், 77,000 அளவில் கோடு தோன்றவேண்டும். 27,000 அளவிலும் கோடு தோன்றினால், இணைப்பு அறுந்திருக்கிறது என்று ஐயுறவேண்டும்.

எதிர்ப்பொருளுக்கும் எல்லை உண்டு. பச்சைப் புரதத்தைச் சிறிது மாற்றி ஆக்கிய மஞ்சள், நீலப் புரதங்களையும் அது பெரும்பாலும் பற்றும். எனவே அவற்றைப் பிரித்தறிய உதவாது. பவழ இனத்திலிருந்து வந்த சிவப்புப் புரதத்தையோ பொதுவாகப் பற்றாது; மடிப்பு ஒத்திருப்பினும் அமினோ அமில வரிசை வேறு.

ஆகவே, ஒளிர்புரதமே இல்லாத உயிரணுக்களிலும் அதே எதிர்ப்பொருளை இட்டுப் பார்ப்பது ஆய்வுமுறை. அங்கும் அடையாளம் தோன்றினால், அது வேறெதையோ பற்றுகிறது என்பது தெளிவு. ஒளிக்குச் சாட்சி எதிர்ப்பொருள். அச்சாட்சியையும் விசாரித்த பின்னரே முடிவு கூறுதல் முறை.