பாப்கேட்டுக்கு டிராக்டர் இன்ஜின் வைக்கலாமா?

நம்ம பக்கம் மண் அள்ளுற மஞ்சள் வண்டின்னா ஜேசிபி. சங்கிலியில ஓடினா பொக்லைன். அதே மாதிரி, முன்னாடி பக்கெட், நடுவுல கூண்டு மாதிரி ஒரு கேபின், நின்ன இடத்துலயே சுத்துற குட்டி லோடர் எந்தக் கம்பெனியோடதா இருந்தாலும் அது "பாப்கேட்"தான். புத்தகத்தில் அதன் பெயர் ஸ்கிட் ஸ்டீர் லோடர். சிமெண்ட் ஆலைகளில் கன்வேயருக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாருவது இந்த மாதிரி வண்டிகளின் வேலை. பெரிய வண்டி நுழைய முடியாத தூண்களுக்கு நடுவே இது போய் வரும். 1957-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இதன் முதல் வடிவத்தைச் செய்ததும் கிட்டத்தட்ட இதே தேவைக்குத்தான். ஒரு வான்கோழிப் பண்ணைக் கொட்டகையில் தூண்களுக்கு இடையே புகுந்து எரு வாரணும். அப்போது மூன்று சக்கரம். நாலு சக்கர வண்டி 1960-ல் வந்தது.

இந்த வண்டி பழசாகி, கை மாறி, ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் வருதுன்னு வெச்சுக்குவோம். ஒருநாள் இன்ஜின் படுத்துடுது. அதே மாடல் இன்ஜின் கிடைக்கல, கிடைச்சாலும் விலை கட்டுப்படியாகல. ஜெயங்கொண்டத்துல டிராக்டருக்கா பஞ்சம்? "இதுவும் 50 ஹெச்பி, அதுவும் 50 ஹெச்பி, தூக்கி வெச்சிடலாமா?" என்ற கேள்வி அங்கேதான் வருது. மெக்கானிக்கல் படிக்கிற நம்மிடம் அதை யாராவது கேட்டால் என்ன சொல்வது?

முதலில், செத்தது இன்ஜின்தானா என்று பார்க்கணும். இந்த வண்டியில் கிளட்ச், கியர்பாக்ஸ் எதுவும் கிடையாது. இன்ஜின் சுற்றுவது ஹைட்ராலிக் பம்புகளை. இடது பக்கச் சக்கரங்களுக்கு ஒரு பம்பு, வலது பக்கத்துக்கு ஒன்று, பக்கெட்டுக்கும் கைக்கும் தனியா ஒரு கியர் பம்பு. அதனால் "வண்டி இழுக்கல"ன்னு சொன்னதும் இன்ஜினைக் கழற்றக் கூடாது. திராட்டிலை முழுசா வெச்சு, மண் குவியலில் பக்கெட்டை முட்டவிட்டு, ஆர்பிஎம் பாருங்க. ஆர்பிஎம் இறங்காம வண்டி மட்டும் சோர்ந்து நின்னா, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. பம்பிலோ மோட்டாரிலோ உள்ளுக்குள்ளேயே ஆயில் கசியுது, இல்லன்னா ரிலீஃப் வால்வு சீக்கிரமே திறக்குது. ஆர்பிஎம் சரிந்து கரும்புகை வந்தால் இன்ஜின் பக்கம் போகலாம். அங்கேயும் முதல்ல ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். சுண்ணாம்புத் தூசியில் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டர் அடைப்பதுதான் முதல் நோய். ஐந்து நிமிஷ வேலை, லட்ச ரூபாயை மிச்சப்படுத்தும்.

சரி, இன்ஜின்தான் போயிடுச்சு. இப்போ கணக்கு. 50 ஹெச்பி என்றால் 37 கிலோவாட். இந்த மாதிரி லோடர் இன்ஜின் 2800 ஆர்பிஎம்மில் அந்தப் பவரைத் தருதுன்னு வெச்சா, டார்க் சுமார் 126 நியூட்டன் மீட்டர். டிராக்டர் இன்ஜின் அதே பவரை 2100-லேயே தரும்; டார்க் 168. டார்க் கூடுதல்தானே, லாபம்தானேன்னு தோணும். ஆனா பம்புக்கு வேண்டியது சுற்று. ஒரு சுற்றுக்கு இத்தனை சிசி ஆயில் தள்ளணும்னு செய்யப்பட்டது அது. 2800-க்குப் பதில் 2100 சுற்றினால் ஆயில் முக்கால் பங்குதான் வரும். மணிக்கு 11 கிலோமீட்டர் ஓடின வண்டி 8 சொச்சத்துக்கு இறங்கும், பக்கெட் தூக்குவதும் அதே அளவு மெதுவாகும். டிராக்டர் இன்ஜினையே 2800-க்கு முறுக்கிவிட்டா? பிஸ்டன், கனெக்டிங் ராடு மேல் வரும் இனர்ஷியா விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும்; ஏறக்குறைய 1.8 மடங்கு. அதற்காகச் செய்த இன்ஜின் இல்லை அது. ஜெனரேட்டர் இன்ஜின் இன்னும் மோசம். நம்ம நாட்டு 50 ஹெர்ட்ஸுக்கு அது பெரும்பாலும் 1500-ல் ஓடுவது.

அப்போ பிக்கப் வண்டி இன்ஜின்? சுற்று தாராளமா இருக்கு. சிக்கல் கவர்னரில். டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பருக்காக வாட், போர்ட்டர், ஹார்ட்னெல்னு படம் போட்டுப் படிச்சது இங்கேதான் உயிரோட வருது. ரோட்டில் ஓடும் பழைய டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் ஐடிலிங்கையும் உச்ச வேகத்தையும் மட்டும் பார்க்கிற கவர்னர் இருக்கும். நடுவில் வேகத்தைச் சரிபண்ணுவது டிரைவரின் கால். லோடரில் அந்தக் கால் இல்லை. ஆபரேட்டர் திராட்டிலை ஓரிடத்தில் வெச்சுட்டு ரெண்டு கையும் லீவரில் இருப்பார். பக்கெட் மண்ணில் முட்டும் கணத்தில் லோடு எகிறும், கவர்னரே டீசலைக் கூட்டணும். எல்லா வேகத்திலும் வேலை செய்யும் கவர்னர் இல்லாத இன்ஜின் முட்டினா அணையும், விட்டா கத்தும்.

எவ்வளவு லோடு எகிறும் என்பதற்கு ஒரு குறுக்குக் கணக்கு: பம்பின் சிசியை அழுத்தத்தால் (பாரில்) பெருக்கி 63-ஆல் வகுத்தால் அது கேட்கும் டார்க். 40 சிசி பம்பு, 200 பார் என்றால் 127. ஒரு பக்கப் பம்பே முழு இன்ஜினையும் விழுங்கிடும், ரெண்டும் சேர்ந்தால் 254! இது டிசைன் தப்பு இல்லை. ஆபரேட்டர் லீவரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் ஸ்வாஷ் பிளேட் சாய்வு குறைந்து, பம்பின் சிசியும் குறையும். நல்ல ஆபரேட்டர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே இதைச் செய்வார்.

அடுத்து எடை. இன்ஜின் பின்னால் இருப்பது இடவசதிக்காக மட்டும் இல்லை. பக்கெட்டுக்கு எதிர் எடையே அதுதான். முன் ஆக்ஸிலிலிருந்து இன்ஜின் 1.4 மீட்டர் பின்னால், பக்கெட் சுமை 1.2 மீட்டர் முன்னால்னு வையுங்க. புது இன்ஜின் 60 கிலோ குறைவு என்றால், வண்டி குப்புறச் சாயும் சுமை 70 கிலோ குறையும். சக்கர வண்டிக்கு அனுமதிச் சுமை அதில் பாதி, அதாவது 35 கிலோ குறையுது. கேபினில் ஒட்டியிருக்கிற தகடு மட்டும் பழைய எண்ணையே சொல்லிக்கிட்டு இருக்கும். ஆபரேட்டர் நம்புவது அந்தத் தகட்டை. டிராக்டர் இன்ஜின் என்றால் இது தலைகீழ். பல டிராக்டர்களில் இன்ஜினே சேஸிஸின் ஒரு பகுதி, கனமான வார்ப்பு. பின்பாரம் கூடினால், காலி பக்கெட்டோடு மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கும்.

ஆக, கேட்டவருக்குப் பதில்: வேண்டாம். பிளாக்கும் கிராங்க்கும் தேறினால் பழைய இன்ஜினுக்கே போர் வேலை பார்ப்பது நல்லது. தேறலைன்னா, அதே ஆர்பிஎம்முக்கான இண்டஸ்ட்ரியல் இன்ஜின், அதே எஸ்ஏஇ நம்பர் பெல் ஹவுசிங்கோடு தேடணும். ஹவுசிங் பொருந்தாம லேத்தில் அடாப்டர் தகடு கடைந்தால், டயல் கேஜ் வெச்சு மையம் பார்க்காமல் பம்பை மாட்டக் கூடாது. மையம் விலகினா முதலில் கப்ளிங் ரப்பர் போகும், அப்புறம் பம்பு பேரிங்.

இறக்கும் நாளில் முதல் வேலை, தூக்கிய கைகளுக்கு அதற்கான இரும்புத் தாங்கியைப் போடுவது. ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அதன் அடியில் யாரும் தலையை விடக் கூடாது. கேபினைச் சாய்த்தால் அதன் லாக் விழுந்திருக்கணும். கழற்றின ஒவ்வொரு ஹோஸ் வாயையும் உடனே மூடி போட்டு அடைக்கணும். பம்புக்குள் இடைவெளி மைக்ரான் கணக்கு, நம்ம ஊர் தூசிக்கு அது போதும். மாட்டி முடித்ததும் பலர் மறக்கிற விஷயம், பம்பின் உடம்புக்குள் ஆயில் நிரப்புவது. காய்ந்த பம்பு சில நொடி ஓடினாலே கீறல் விழுந்துடும். டீசலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றி, சார்ஜ் பிரஷர் கேஜில் முள் அசைந்த பிறகுதான் டீசல் திறக்கணும். அந்த முதல் ஸ்டார்ட்டின்போது நாலு சக்கரமும் தரையைத் தொடாமல் கட்டை மேல் இருக்கட்டும். லீவர் லிங்கேஜ் கொஞ்சம் தள்ளி மாட்டியிருந்தாலும், ஸ்டார்ட் ஆன நொடியில் வண்டி தானாகவே கிளம்பிடும்.